ஆங்கிலத்தில் ‘ங்க’ எங்கே இருக்கிறது?

விரிவுரையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். இடுபணியை ஒப்படைக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். காய்ச்சலில் படுத்துவிட்டதால் இரண்டு நாள் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தமிழில் கேட்பது என்றால் நம்மில் எவருக்கும் சிரமமில்லை. “ஐயா, இன்னும் ரெண்டு நாள் தர முடியுங்களா?” என்று வாய் தானாகவே பணிந்துவிடும். அதே மாணவர் ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘யூ மஸ்ட் கிவ் மீ டூ மோர் டேய்ஸ்’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார். அவர் மனத்தில் இருந்தது ‘நீங்கள் தர வேண்டும்’ என்ற வேண்டுகோள். விரிவுரையாளரின் கண்ணில் படுவதோ ‘நீ கொடுத்தே ஆக வேண்டும்’ என்ற கட்டளை.

அந்த ஆங்கில வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. கணினியின் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடாது. ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ பயிற்சியில் இப்படி எழுதி முழு மதிப்பெண்கூட வாங்கிவிடலாம். ஆனால் மடல் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு கசப்பு உண்டாகிறது. அது ஏன் என்று எழுதியவருக்குத் தெரிவதும் இல்லை.

தமிழில் மரியாதை எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். ‘நீ’, ‘நீங்கள்’ என்று எதிரில் இருப்பவரைச் சுட்டும்போதே இரண்டு வகை. வினைச்சொல்லின் வாலில் ‘வா’, ‘வாங்க’. அது போதாதென்று ஐயா, அக்கா, அண்ணே. மலாய் மொழியிலும் துவான், புவான், செகு என்று விளிச்சொற்களுக்குக் குறைவில்லை. ஆங்கிலத்தில் பிரதமருக்கும் ‘யூ’தான், பக்கத்து வீட்டுப் பையனுக்கும் ‘யூ’தான். வினைச்சொல்லுக்கு மரியாதை வால் கிடையாது. அப்படியானால் ஆங்கிலம் தன் மரியாதையை எங்கே வைத்திருக்கிறது? அதில் பெரும்பங்கு ஒன்பது சின்னச் சொற்களில் இருக்கிறது.

கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். ‘மோடல் வெர்ப்’ என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போடும் துணைவினைகள் இவைதாம். ‘ஹேவ் டு’, ‘ஆட் டு’ போன்ற சில உறவினர்களும் உண்டு. முடியும், வேண்டும், கூடும், -லாம் என்று தமிழில் நாம் வினையின் இறுதியில் சேர்ப்பதை ஆங்கிலம் வினைக்கு முன்னால் வைக்கிறது. இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

‘குட்’ என்பது ‘கேன்’ சொல்லின் இறந்தகாலம் என்று படித்திருப்போம். அது உண்மைதான். ஆனால் ‘குட் யூ ஹெல்ப் மீ?’ என்று கேட்கும்போது நேற்று நடந்தது எதுவுமே அதில் இல்லையே! உதவி இப்போதுதான் வேண்டும். ஆங்கிலம் இங்கே இறந்தகால வடிவத்தை எடுத்து, காலத்தில் பின்னால் போவதற்குப் பதிலாக ஆளிடமிருந்து ஓர் அடி பின்னால் நிற்கிறது. கேட்கப்படுபவருக்கு ‘இயலாது’ என்று சொல்ல இடம் விடுகிறது. வில் போய் வுட் வருவதும், மே போய் மைட் வருவதும் இதே வேலைக்குத்தான்.

இது நமக்குப் புதிதும் அல்ல. தயங்கித் தயங்கி ஒருவரிடம் போய் நிற்கும்போது, “ஒண்ணு கேட்கலாம்னு வந்தேன்”, “உங்ககிட்ட ஓர் உதவி கேட்கலாம்னு நினைச்சேன்” என்கிறோம். வந்து நிற்பது இப்போது, நினைப்பதும் இப்போது. ஆனால் சொல்வது ‘நினைச்சேன்’. இறந்தகாலத்தால் பணிவு காட்டும் வித்தை நம் வாயிலும் இருக்கிறது. அதை அடையாளம் கண்டுகொண்டால் ‘வுட்’, ‘குட்’ இரண்டும் பாதி வசப்பட்டுவிடும்.

ஆகவே அந்த மின்னஞ்சலை இப்படி எழுதலாம்: ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கிவ் மீ டூ மோர் டேய்ஸ்.’ ஒரே வாக்கியத்தில் இரண்டு முறை பின்னால் நின்றாகிவிட்டது. ‘பிளீஸ்’ என்ற சொல்லே இல்லை, தேவையும் இல்லை. பலர் ‘மஸ்ட்’ சொல்லின் தலையில் ஒரு ‘பிளீஸ்’ வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ‘பிளீஸ், யூ மஸ்ட் ரிப்ளை டுடே’ என்பது கெஞ்சலும் மிரட்டலும் கலந்த ஒரு விசித்திரக் கலவை. இன்னொன்று, இதே பணிவான வாக்கியத்தை உற்ற நண்பருக்குப் புலனத்தில் அனுப்பிவிடாதீர்கள். “என்மேல் ஏதும் கோபமா?” என்று திருப்பிக் கேட்பார். அதிகப் பணிவும் தூரம்தான்.

‘மஸ்ட்’ எப்போதுமே முரட்டுச் சொல்லா என்றால் இல்லை. திருமண அழைப்பிதழில் ‘அவசியம் வந்திருந்து வாழ்த்த வேண்டும்’ என்று அச்சிடுகிறோம். அதை யாரும் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்திலும் ‘யூ மஸ்ட் கம் ஃபார் டின்னர்’ என்று தோழி சொன்னால் அது அன்பு. ‘யூ மஸ்ட் டிரை திஸ் கேக்’ என்பது உபசரிப்பு. செய்யும் காரியத்தால் யாருக்கு நன்மை என்று கேட்டுப் பாருங்கள். கேட்பவருக்கு நன்மை என்றால் ‘மஸ்ட்’ இனிக்கும். சாப்பிடப்போவது அவர்தானே! சொல்பவருக்கு நன்மை என்றால் அதே சொல் உறுத்தும். கூடுதல் அவகாசத்தால் நன்மை மாணவருக்கு. அதனால்தான் அந்த மின்னஞ்சல் உறுத்தியது.

இந்தக் கட்டத்தில் நம் ஊர் ‘கேன்’ பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ‘கேன் ஆ?’ ‘கேன் லா!’ ‘லைக் தட் ஆல்சோ கேன்.’ மலாய் ‘போலே’, சீனக் கிளைமொழிகள் எல்லாம் சேர்ந்து ஆங்கிலத்திற்கு மலேசியாவும் சிங்கப்பூரும் பூட்டிவிட்ட நகை இது. உணவங்காடியில் தே தாரிக் வாங்கும்போது இதைவிடச் சுருக்கமும் இதமும் உள்ள பேச்சு கிடைக்காது. அதைத் தவறு என்று சொல்லித் தலையில் குட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து பேசினால் போதும். எஸ்பிஎம் ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதியில் சுமார் 80 சொற்களில் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதச் சொல்கிறார்கள். முயெட் எழுத்துத் தேர்விலும் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ உண்டு. யாருக்கு எழுதுகிறோம் என்பதைக் கவனித்தோமா என்பதும் அங்கே பார்க்கப்படுகிறது. 80 சொற்களுக்குள் அதைக் காட்ட, சரியான ஒரு ‘வுட்’ போதுமானது.

வந்தானா, வரவில்லையா?

பணிவு ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழ் பேசும் நமக்கென்றே ஒரு தனிக் கண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பாடநூல்கள் சொல்வதில்லை, ஏனென்றால் அவை தமிழ் பேசுபவர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல.

‘அவன் வந்திருக்க வேண்டும்.’ இந்த வாக்கியத்தைப் படித்ததும் அவன் வந்தானா, இல்லையா என்று சொல்ல முடியுமா? வாசலில் காலணி கிடக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது, பார்த்தவர் சொல்கிறார், “அவன் வந்திருக்க வேண்டும்.” அதாவது வந்துவிட்டான், நிச்சயம். கூட்டத்திற்கு எல்லாரும் வந்தார்கள், அவனை மட்டும் காணோம், தலைவர் கடிந்துகொள்கிறார், “அவன் வந்திருக்க வேண்டும்.” அதாவது வரவில்லை. ஒரே தொடர், நேர் எதிரான இரண்டு செய்திகள். சூழலும் குரலும் நமக்கு உதவுவதால் தமிழில் குழப்பம் வருவதில்லை.

ஆங்கிலம் இவற்றை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. காலணியைப் பார்த்து ஊகித்தால் ‘ஹி மஸ்ட் ஹேவ் கம்’. வராதவனைக் கடிந்துகொண்டால் ‘ஹி ஷுட் ஹேவ் கம்’. இரண்டுக்கும் நம் மனத்தில் ஒரே ‘வேண்டும்’ ஓடுவதால் கை தவறான சொல்லை எடுத்துவிடுகிறது. விபத்து பற்றி எழுதும் கட்டுரையில் ‘த டிரைவர் மஸ்ட் ஹேவ் ஸ்டாப்ட்’ என்று எழுதினால், ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார் என்றே நாம் நம்புகிறோம் என்று பொருள். சொல்ல வந்தது அவர் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை என்பது. குற்றவாளி நிரபராதி ஆகிவிட்டார்!

‘வந்திருக்கலாம்’ என்பதும் இதே வகை. ‘ஒருவேளை வந்திருப்பானோ என்னவோ’ என்பது ஒரு பொருள்; ‘வர வாய்ப்பிருந்தும் வரவில்லையே’ என்ற ஆதங்கம் இன்னொரு பொருள். முதலாவது ‘மே ஹேவ்’ அல்லது ‘மைட் ஹேவ்’. இரண்டாவது ‘குட் ஹேவ்’. முழுக் கோட்டையும் இங்கே அவ்வளவு நேராகப் போட முடியாது. ஆங்கிலத்திலேயே ‘குட் ஹேவ்’ இரண்டு பக்கமும் சாயும். ஆதங்கத்தோடு ‘யூ மைட் ஹேவ் டோல்ட் மீ’ என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் ‘மே ஹேவ்’ என்று எழுதிவிட்டால், நடந்ததா என்பது நமக்குத் தெரியவில்லை என்றே வாசகர் எடுத்துக்கொள்வார்.

இன்னொரு கண்ணி எதிர்மறையில் இருக்கிறது. ‘மஸ்ட்’, ‘ஹேவ் டு’ இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ‘நாட்’ சேர்த்ததும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடிவிடுகின்றன. ‘யூ மஸ்ட் நாட் பே நவ்’ என்றால் இப்போது கட்டவே கூடாது. ‘யூ டோன்ட் ஹேவ் டு பே நவ்’ என்றால் இப்போது கட்டத் தேவையில்லை, விரும்பினால் கட்டலாம். மலாயில் ‘ஜாஙான்’ என்பதற்கும் ‘தாக் பெர்லு’ என்பதற்கும் உள்ள அதே வேறுபாடு. தமிழில் ‘கூடாது’, ‘தேவையில்லை’ என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லலாம். ஆனால் ‘கட்ட வேண்டாம்’ என்று சொல்லும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. மனத்தில் ‘வேண்டாம்’ என்று எழுந்தால் உடனே மொழிபெயர்க்காதீர்கள். அது ‘கூடாது’வா, ‘தேவையில்லை’யா என்று முதலில் தமிழிலேயே தீர்த்துக்கொண்டு, பிறகு ஆங்கிலத்திற்குப் போங்கள்.

‘முடியாது’ மட்டும் நம்மைக் கைவிடாமல் இருக்குமா? அதுவும் இல்லை. “நான் வர முடியாது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால் அது இயலாமை அல்ல, மறுப்பு. ஆங்கிலத்தில் ‘கான்ட்’ இயலாமை, ‘வோன்ட்’ மறுப்பு. பகுதிநேர வேலை பார்க்கும் கடையில், சனிக்கிழமை தேர்வு இருப்பதால் வர இயலாது என்று தெரிவிக்க நினைத்து ‘ஐ வோன்ட் கம் ஆன் சாட்டர்டே’ என்று மட்டும் அனுப்பினால், முதலாளிக்கு அது அடமாகப் படக்கூடும்.

ஏன் ‘கேன்ஸ்’ இல்லை?

‘ஷி ரீட்ஸ்’ என்று எழுதச் சொல்லும் ஆசிரியர் ‘ஷி கேன்ஸ்’ என்று எழுதினால் ஏன் அடிக்கிறார்? இந்தச் சொற்களில் பெரும்பாலானவை மிகப் பழைய காலத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்து, பிறகு நிகழ்காலத்திற்குக் குடிபெயர்ந்தவை. இறந்தகாலத்தில் அந்த ‘ஸ்’ வருவதில்லை அல்லவா? ஊர் மாறினாலும் பழைய வழக்கத்தை அவை விடவில்லை. பின்னால் வரும் வினைக்கு ‘டு’ போடாமல் இருப்பதும் (‘கேன் டு கோ’ தவறு) அவற்றின் பழைய குணம்தான். ஒரே வாக்கியத்தில் ‘கேன் ஏபல் டு’ என்று அடுக்குவோரும் உண்டு. இரண்டும் ‘முடியும்’தான், ஒன்று போதும்.

பழைய ஆங்கிலத்தில் ‘கேன்’ சொல்லின் மூதாதை ‘அறிதல்’ என்ற பொருளில் வழங்கியது. ‘ஐ கேன் ஸ்விம்’ என்பதை நாம் எப்படிச் சொல்கிறோம்? ‘எனக்கு நீச்சல் தெரியும்.’ அந்தப் பழைய பொருள் தமிழில் இன்றும் நடமாடுகிறது. ‘வில்’ முன்பு ‘விரும்புதல்’. ‘ஷல்’ முன்பு ‘கடன்பட்டிருத்தல்’. ‘கடன்’ என்ற தமிழ்ச் சொல்லுக்கும் கடமை என்று ஒரு பொருள் உண்டே! ‘குட்’ என்று எழுதும்போது நடுவில் வரும் ஊமை ‘எல்’ எழுத்துக்கு வரலாற்றில் இடமே இல்லை. ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டிலும் அது முறையாக இருப்பதைப் பார்த்து, பிற்காலத்தில் இதற்கும் ஒட்டவைத்துவிட்டார்கள்.

நம் வட்டாரத்தில் பெரியவர்களும் செய்யும் ஒரு பிழையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘த மீட்டிங் வுட் பி ஹெல்ட் ஆன் மண்டே’ என்று சுற்றறிக்கைகளில் பார்க்கிறோம். ‘வுட்’ போட்டால் கௌரவமாக இருக்கும் என்ற எண்ணம். கூட்டம் உறுதி என்றால் ‘வில்’தான். ‘வுட்’ போட்டால், ‘நடந்திருக்கும், ஆனால்...’ என்று ஏதோ ஒரு நிபந்தனை தொங்குகிறது. பணிவு வேண்டுகோளுக்கு உரியது, அறிவிப்புக்கு அல்ல. அதேபோல் ‘நேற்று முதல் பரிசு வெல்ல முடிந்தது’ என்பதை ‘ஐ குட் வின்’ என்று எழுதினால், வென்றது போய் ‘வெல்லக்கூடும்’ ஆகிவிடும். ஒருமுறை நடந்து முடிந்த சாதனைக்கு ‘வாஸ் ஏபல் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’. தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் மடலில் இந்த ஒரு சொல் உங்கள் சாதனையைக் கனவாக்கிவிடும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

நாம் எழுதும்போது தவறினால் கசப்புதான் மிச்சம். படிக்கும்போது தவறினால் பணம் போகும். பாட்டிக்கு வாங்கும் சளி மருந்தின் அட்டையில் ‘மே காஸ் டிரவ்சினஸ்’ என்று இருந்தால், தூக்கக் கலக்கம் வரலாம் என்று எச்சரிக்கிறார்கள். அதே ‘மே’ உபகாரச் சம்பள அறிவிப்பில் ‘மே பி கன்சிடர்ட்’ என்று வந்தால், பரிசீலிக்கலாம், பரிசீலிக்காமலும் விடலாம். அதை ‘கிடைத்துவிடும்’ என்று படித்து மற்ற விண்ணப்பங்களைக் கைவிட்டால் இழப்பு யாருக்கு?

கணினித் துறை மாணவர்களுக்கு ஒரு செய்தி. இணையம் இயங்குவதற்கான தொழில்நுட்ப விதிகளை எழுதுபவர்களுக்கே இந்தச் சொற்கள் தலைவலி கொடுத்திருக்கின்றன. அதனால் 1997இல் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தை வெளியிட்டு, இவற்றுக்கு வரையறை செய்தார்கள். ‘மஸ்ட்’ என்றால் விலக்கில்லாத கட்டாயம். ‘ஷுட்’ என்றால் தக்க காரணமிருந்தால் விலகலாம், ஆனால் விளைவை முழுதும் அறிந்து எடைபோட்ட பிறகே. ‘மே’ என்றால் உண்மையிலேயே விருப்பம். அந்தப் பொருளில் வரும்போது இச்சொற்கள் பெரிய எழுத்துகளில் எழுதப்படுகின்றன.

சட்டத்தில் ‘ஷல்’ அரியணையில் இருக்கிறது. மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 152ஆவது விதியை ஆங்கிலத்தில் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். தேசிய மொழி மலாய் என்று விதிக்கும் இடத்தில் ‘ஷல்’. அதன் எழுத்துவடிவத்தை நாடாளுமன்றம் சட்டம் இயற்றி வகுக்கலாம் என்னும் இடத்தில் ‘மே’. அதிகாரத்துவப் பயன்பாடு தவிர்த்து வேறெந்த மொழியையும் பயன்படுத்துவதையோ, எந்த மொழியையும் கற்பிப்பதையோ கற்பதையோ யாரும் தடுக்கக்கூடாது என்னும் உட்பிரிவில் மீண்டும் ‘ஷல்’. தமிழ்ப்பள்ளிகள் பற்றிய விவாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் உட்பிரிவு அது. அங்கே ‘ஷுட்’ என்று இருந்திருந்தால் அது அறிவுரையாக மட்டுமே நின்றிருக்கும்.

அரசமைப்பு தூரமாகத் தெரிந்தால், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை எடுக்கும்போது நீட்டப்படும் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். ‘த டெனன்ட் ஷல்’ என்று உங்கள் கடமைகள் வரிசையாக வரும். வாடகை, தண்ணீர்க் கட்டணம், பழுது, எல்லாம் ‘ஷல்’. வீட்டுக்காரரின் பக்கம் வந்ததும் ‘மே’ தலைகாட்டுகிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தரும் வரியில் ‘த லேண்ட்லார்ட் ஷல் ரிஃபண்ட்’ என்று இருந்தால் தர வேண்டியது அவர் கடமை. ‘மே ரிஃபண்ட்’ என்று இருந்தால், தரலாம், தராமலும் இருக்கலாம் என்று வாதிட அவருக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லை மாற்றித் தரும்படி கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். ‘குட் வி சேஞ்ச் திஸ் டு ஷல்?’ என்று கேட்டால் போதும்.